மறைப்பதும் வெளுப்பதும்

திருப்பூர் ரயிலடிக்கு அருகே காதர்பேட்டை என்று ஒரு கடைவீதி இருக்கிறது. பனியன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். வெளியூர்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வியாபாரிகள் வந்து மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். அயல்நாட்டுக்கென்று தைத்து, ஏதோ ஒரு காரணத்தால் கப்பலேறாமல் தங்கிவிட்ட உருப்படிகளும் இங்கேதான் வந்து சேர்கின்றன. அந்தக் காரணம் பல சமயங்களில் ஒரு சிறு கறையாக இருக்கும். யந்திரத்தின் எண்ணெய் ஊசி முனையளவு தெறித்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் செக்கிங் மேஜையருகே நிற்கும் பெண்ணின் கண்ணுக்கு அது தப்பவே தப்பாது.

துணியில் கறை பட்டால் என்ன செய்யலாம் என்று அந்த வீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கறை பட்ட இடத்தில் மட்டும் மருந்து வைத்து எடுக்கலாம். துணி முழுவதையும் வெளுக்கலாம். அல்லது அடர்ந்த சாயத்தில் முக்கிக் கறை தெரியாதபடி மறைத்துவிடலாம். எந்தத் துணிக்கு எந்த வழி ஏற்றது என்பது அவர்களுக்குத் தெரியும். அளவுக்கு மிஞ்சி வெளுத்தால் நூல் இற்றுப் போகும் என்பதும் தெரியும்.

துணி விஷயத்தில் இத்தனை ஞானமுள்ள ஊரில், முக விஷயத்தில் மட்டும் அந்த ஞானம் எங்கேயோ போய்விடுகிறது. பகலெல்லாம் பனியனில் கறை தேடிய அதே கண்கள், மாலையில் கண்ணாடி முன்னால் நின்று முகத்தில் கறை தேடுகின்றன. சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வந்ததும், அதில் ஒரு பகுதி சிறு டப்பாவாகவும் குழாயாகவும் மாறி வீட்டுக்கு வருகிறது. அந்த டப்பாவில் இருப்பது புள்ளியை மறைக்கும் பூச்சா, தோலை வெளுக்கும் மருந்தா என்று கேட்டால் வாங்கியவளுக்குத் தெரியாது. பல சமயங்களில் விற்றவருக்கும் தெரியாது. இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

நமது தோலின் மேல்படலத்துக்கு அடியில் மெலனின் என்னும் நிறப் பொருளைத் தயாரிக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. ஐரோப்பியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் நமக்கும் இந்த அணுக்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவை தயாரிக்கும் நிறத் துகள்களின் அளவிலும், அவை தோலில் பரவியிருக்கும் விதத்திலுமே வித்தியாசம். மெலனின் நமக்கு எதிரி அன்று. வெயிலுக்கு இயற்கை பிடித்திருக்கும் குடை அது.

இந்தக் குடை சில சமயம் ஓரிடத்தில் மட்டும் அடர்த்தியாக விரிந்துவிடுகிறது. முகப்பருவைக் கிள்ளினால், பரு போனபின் கரும்புள்ளி தங்குகிறது. கொசுக்கடியைச் சொறிந்தாலும், சூடு பட்டாலும், உடுப்பு உராய்ந்தாலும் இப்படியே. நிறம் கூடிய தோலில் இவ்விதத் தழும்பு எளிதில் உண்டாகி, மாதக் கணக்கில் நிற்கும்.

நம் பெண்களை மிகவும் வருத்துவது மங்கு. கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டுக்கு மேலும் தேசப் படத்துத் தீவுகளைப் போலப் பழுப்பு நிறத்தில் படர்வது இது. வெயில் ஒரு காரணம். குடும்ப வழி ஒரு காரணம். கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் உடம்பில் ஏற்படும் சுரப்புகளின் மாறுதல் இன்னொரு காரணம். கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த கதிர்கள் மட்டுமல்லாமல், கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் நம்மைப் போன்ற மாநிறத்தாரின் தோலில் மங்கைக் கூட்டுகிறது என்று சமீப காலத்து ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

நெசவுத் தொழில் நடக்கும் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. டென்மார்க் தேசத்தில் கோபன்ஹேகன் நகரத்து வைத்தியர் ஆஸ்முண்ட்ஸன் என்பவர் 1970-ஆம் வருஷத்தில் ஒரு விசித்திர நோயைப் பற்றி எழுதினார். அவரிடம் வந்தவர்களின் உடம்பில், துணி உராயும் இடங்களில் கருமை படர்ந்திருந்தது. காரணத்தைத் தேடிக்கொண்டே போனபோது, சலவைத் தூளில் கலந்திருந்த ஒரு வெண்மையூட்டும் சரக்கில் போய் முடிந்தது. துணியை வெள்ளை வெளேரென்று காட்டுவதற்காகச் சேர்த்த பொருள், தோலைக் கறுக்க வைத்துவிட்டது!

ஜப்பானில் 1970-களில் இதே கதை ஒப்பனைப் பொருளிலேயே நடந்தது. முகப் பூச்சுகளில் சேர்த்த நிலக்கரித் தார்ச் சாயங்களில் கலந்திருந்த அழுக்குப் பொருள்கள் ஒவ்வாமையை உண்டாக்கின, முகம் கறுத்தது. கறுப்பை மறைக்க அதே பூச்சை மேலும் பூசினால் மேலும் கறுக்குமே அன்றிக் குறையாது. காரணமான பொருள்களை நீக்கிய பிறகுதான் அந்த நோய் ஜப்பானில் அருகிப் போயிற்று.

நம் வீடுகளில் ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வெண்மையான வட்டம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொட்டின் பசையில் சேரும் ஒரு ரசாயனப் பொருள், நிறம் செய்யும் அணுக்களையே கொன்றுவிடுவது அதற்குக் காரணம். ஆகவே புள்ளி தோன்றியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இதை எப்படிப் போக்குவது?' என்பதன்று. 'இது எதனால் வந்தது?' என்பதே.

மறைத்தவர்களின் கதை

முகத்தில் மாசு மறைப்பது நேற்று வந்த நாகரிகம் என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அப்படியல்ல. தெருக்கூத்தில் வேஷம் கட்டுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக முத்துவெள்ளையும் அரிதாரமும் பூசி வந்திருக்கிறார்கள். அரிதாரம் என்பது பாஷாணம் கலந்த ஒரு மஞ்சள் கனிப்பொருளின் பெயர். வேஷப் பூச்சு அனைத்துக்கும் பிற்காலத்தில் அதுவே பொதுப் பெயராயிற்று. ஒப்பனையின் பெயருக்குள்ளேயே விஷம் ஒளிந்திருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வைசூரி வடு இல்லாத முகம் அபூர்வம். அங்கே சீமாட்டிகள் கறுப்புப் பட்டுத் துணியை வட்டமாகவும் பிறைச் சந்திரனாகவும் நறுக்கி வடுவின்மேல் ஒட்டிக்கொண்டார்கள். நாளடைவில் வடு இல்லாதவர்களும் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள்! லண்டனில் அரசியல் கட்சிக்கு ஒரு பக்கமாகப் புள்ளி ஒட்டிக்கொண்ட பெண்மணிகளைப் பரிகாசம் செய்து, 1711-இல் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையில் அடிஸன் ஒரு கட்டுரையே எழுதினார்.

நாமோ, பிறந்த குழந்தையின் கன்னத்தில் நம் கையாலேயே கரும்புள்ளி ஒன்றை வைக்கிறோம். அழகுக்கு அழகு செய்யும் அந்தத் திருஷ்டிப் பொட்டைப் பார்த்துத் தாய் பூரித்துப் போகிறாள். அதே குழந்தை பதினாறு வயதுப் பெண்ணான பிறகு, அதே கன்னத்தில் அதே அளவுப் புள்ளி தானாக ஒன்று விழுந்துவிட்டால், அதே தாய் இரவெல்லாம் தூங்குவதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலை! புள்ளி மாறவில்லை, பார்க்கிற கண்தான் மாறியிருக்கிறது.

இன்று கடைகளில் 'கன்ஸீலர்' என்ற பெயரில் விற்கும் மறைப்புப் பூச்சின் வரலாற்றில் லிடியா ஓ'லியரி என்ற அமெரிக்கப் பெண்மணியின் பெயர் முக்கியமானது. அவள் முகத்தில் பிறவியிலேயே பெரிய செந்நிறத் தழும்பு இருந்தது. படித்தவளாக இருந்தும் அந்தத் தழும்பு உத்தியோகத்துக்கு இடையூறாக நின்றது. சித்திரம் தீட்டத் தெரிந்த அவள், படத்தில் விழுந்த பிழையை வர்ணத்தால் மூடுவதைப் போல முகத்தின் தழும்பையும் ஏன் மூடக் கூடாது என்று யோசித்தாள். தானே ஒரு பூச்சைத் தயாரித்தாள். 1932-இல் அமெரிக்க அரசாங்கத்தார் அதற்குக் காப்புரிமை வழங்கினார்கள். 'கவர்மார்க்' என்ற அந்தப் பூச்சு இவளைப் போன்ற பலருக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும் தைரியத்தைக் கொடுத்தது. பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கத்தார் 1975 முதல் தொண்டர்களைப் பழக்கி, தீக்காய வடுவும் பிறவித் தழும்பும் உள்ளவர்களுக்கு மறைப்புப் பூச்சு இடும் விதத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். வைத்தியத்தின் ஒரு கிளையாகவே அதை அவர்கள் கருதினார்கள்.

ஆதலால் மறைப்பது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல. கிழிந்த இடத்தைத் தைத்து உடுத்துவதை யாராவது பொய் என்று சொல்கிறார்களா? நமக்குத் தெரிந்த ஒரு பெண், பத்தாம் வகுப்புப் புகைப்படம் எடுத்தபோது, பருத் தழும்புகளுக்காக வெட்கி, உயரமான தோழிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். இரண்டு வருஷம் கழித்து, பேச்சுப் போட்டியன்று அவளுடைய அக்காள் மெல்லிய பூச்சொன்றை இட்டு அனுப்பினாள். அன்று அவள் மேடையில் முன்னால் வந்து நின்று பேசினாள். பரிசு கிடைத்ததா என்பது முக்கியமல்ல. பேச்சின்போது ஒரு தடவைகூட அவள் கை கன்னத்துக்குப் போகவில்லை என்பதே நாம் கண்ட விசேஷம்.

வெளுத்தவர்களின் கதை

வெளுக்கும் மருந்தின் கதை வேறு. முதலில் பாதரசம். மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் அது முகத்தோடு நிற்பதில்லை. தோல் வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. 1972-இல் கென்யா தேசத்து நைரோபியில், உடம்பு வீங்கிச் சிறுநீரில் புரதம் போகும் நோயோடு வந்த பெண்களை ஆராய்ந்த வைத்தியர்கள், அவர்களில் பலர் பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்பைப் பூசியவர்கள் என்று கண்டார்கள்.

அது எங்கேயோ ஆப்பிரிக்காவில் நடந்தது என்று இருந்துவிட வேண்டாம். நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை வைத்தியர்கள் பரிசோதித்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் ஓர் அபூர்வமான பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் சிவக்கும் களிம்பு பூசியவர்கள். முகத்துக்கு இட்ட பூச்சு சிறுநீரகத்தில் போய்க் கணக்குத் தீர்த்திருக்கிறது.

ஜப்பானில் பாதரசத்தால் பாழான மினமாட்டா என்ற ஊரின் பெயரால் 2013-இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நம் தேசமும் அதில் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டு 2020-ஆம் வருஷத்து ஒப்பனைப் பொருள் விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்ந்த மற்றப் பூச்சுகளில், அறியாமல் கலந்த பாதரசங்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. சட்டம் இருக்கிறது. ஆனால் பெயரும் விலாசமும் இல்லாத டப்பாவுக்குள் சட்டம் எப்படி நுழையும்?

இரண்டாவது, ஹைட்ரோகுவினோன். வைத்தியர் கொடுத்து, அவர் சொன்ன காலம் வரை மட்டும் பூசினால் மங்குக்குப் பயன்படும் மருந்துதான் இது. இஷ்டம் போல் வருஷக்கணக்கில் பூசினால், வெளுக்க வேண்டிய இடம் நீலம் பாய்ந்த கறுப்பாக மாறிவிடும். அந்தக் கறுப்பு இலேசில் போகாது. தென்னாப்பிரிக்காவில் இவ்விதம் பலருடைய முகம் கெட்டதைக் கண்டு, 1990-இல் அந்நாட்டார் ஒப்பனைப் பொருள்களில் இதைச் சேர்க்கக் கூடாதென்று தடை செய்தார்கள்.

மூன்றாவது, நம் ஊர்களில் மிகவும் பரவியிருப்பது, ஸ்டீராய்டு களிம்பு. அரிப்புக்கும் படைக்கும் வைத்தியர் எழுதித் தரும் மருந்து இது. பூசிய சில நாளில் முகம் பளிச்சென்று வெளுப்பதால், மருந்துக் கடையில் 'அந்தக் குழாயைக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்குகிறவர்கள் ஏராளம். ஒரு பெண் சொன்ன கதை இது. முதல் இரண்டு வாரம் எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்களாம். மூன்றாம் மாதம் கன்னம் சிவந்து எரிந்தது. வெயிலில் இறங்க முடியவில்லை. முகமெல்லாம் பரு, அத்துடன் மெல்லிய ரோமம். களிம்பை நிறுத்தினாலோ எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. மறுபடி பூசினால்தான் அடங்கும். குடிகாரனுக்குக் கள் எப்படியோ அப்படி ஆகிவிட்டது. முகத்தோல் மெலிந்து இரத்த நாளங்கள் வெளியே தெரிந்தன. வைத்தியர் ஒருவர் மெல்ல மெல்ல அதிலிருந்து அவளை மீட்க ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. இவ்வகைக் களிம்புகளில் 14 சரக்குகளை வைத்தியர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று இந்திய அரசாங்கத்தார் 2018-இல் உத்தரவு பிறப்பித்தார்கள். அந்த உத்தரவைப் பற்றித் தெரிந்த தாய்மார்கள் எத்தனை பேர்?

அதிகமாக வெளுத்தால் நூல் இற்றுப் போகும் என்று பனியன் வியாபாரிக்குத் தெரிந்திருப்பது, இங்கேயும் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. பனியன் போனால் வேறு பனியன் தைத்துக்கொள்ளலாம்.

சிவப்பு மோகம்

இந்த ஆபத்துகளுக்கெல்லாம் மூலம் புள்ளியன்று. நிறத்தைப் பற்றிய மோகம். புள்ளியைப் போக்கப் புறப்பட்டவள், போகிற போக்கில் முகத்தையே வெளுத்துவிடலாம் என்று நினைக்கிறாள். 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று பழமொழி சொல்லிக்கொண்டே, கல்யாண விளம்பரத்தில் சிவந்த பெண் தேடுகிறோம். கண்ணனும் காளியும் கறுப்பு. கும்பிடுவதற்கு அது ஆட்சேபமில்லை. மருமகளாக வருவதற்குத்தான் ஆட்சேபம்!

அயல்நாட்டு அழகுப் பொருள்களுக்காக நம் பணம் வெளியே போகாதிருக்க வேண்டும் என்று 1952-இல் டாட்டா நிறுவனத்தார் 'லாக்மே'யைத் தொடங்கினார்கள். நமது லட்சுமியின் பெயர் பிரெஞ்சு மொழியில் திரிந்ததே அது. சரக்கு சுதேசியாயிற்று, ஆசை சுதேசியாகவில்லை. 1975-இல் 'ஃபேர் அண்டு லவ்லி' என்ற களிம்பு வெளிவந்து, சிவப்பே அழகு என்ற பாடத்தை வீட்டுக்கு வீடு நடத்தியது. 2009-இல் சென்னையில் 'விமென் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பினர், கறுப்பு அழகே என்ற பிரசாரத்தை ஆரம்பித்தார்கள். 2020-இல் அந்தக் களிம்பு தன் பெயரிலிருந்து சிவப்பைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. டப்பாவின் பெயர் மாறிவிட்டது. மனம் மாறுவதுதான் பாக்கி.

மறைக்கும் விதம்

இனி, மறைக்க விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள். திருப்பூர்வாசிகளுக்கு இது மிகவும் சுலபமாக விளங்கும். ஏனெனில் இது சாயப் பட்டறைச் சாஸ்திரமே.

முதல் விதி, நிறத்துக்கு நிறம் மருந்து. வெள்ளை வேஷ்டி மஞ்சளித்துப் போனால் சொட்டு நீலம் விடுகிறோம். நீலம் அழுக்கைப் போக்குவதில்லை. மஞ்சளை அடக்கிக் கண்ணுக்கு வெண்மை காட்டுகிறது. அதே நியாயத்தில், நீலமோ சாம்பலோ பாய்ந்த கரும்புள்ளியையும் கருவளையத்தையும் ஆரஞ்சு நிறம் அடக்கும். மாநிறத்தார்க்கு இளம் ஆரஞ்சு போதும்; நிறம் கூடியவர்களுக்கு அடர்ந்த ஆரஞ்சு வேண்டும். சிவந்த பருவை இளம் பச்சை அடக்கும். இதைப் புள்ளியின்மேல் மட்டும், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதைவிட மெல்லியதாக இட வேண்டும்.

இரண்டாவது விதி, சாயல் பொருத்தம். மறைப்புப் பூச்சின் நிறம், தாடை ஓரத்தின் நிறத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு படி சிவப்பாக இருக்கட்டுமே என்று வாங்குகிறவர்கள்தான் அதிகம். கரும்புள்ளியின்மேல் வெளிர் நிறத்தைப் பூசினால் சாம்பல் பூத்தது போல் அவ்விடமே பளிச்சென்று தெரியும். கடையின் டியூப் லைட்டில் பார்த்து வாங்காமல், தாடையில் சிறிது தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு விளக்கில் ஒன்றாகத் தோன்றும் இரண்டு சாயங்கள் இன்னொரு வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரியும் என்பதை, ஷேடு கார்டு பார்த்துப் பழகியவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் நம் நிறத்துக்கு ஏற்ற பூச்சே கிடைப்பது கஷ்டம். 2017-இல் ரிஹானா என்ற பாடகி தொடங்கிய நிறுவனம் ஒரே பூச்சை 40 சாயல்களில் வெளியிட்ட பிறகு, மற்றவர்களும் கறுத்த முகங்கள் இருப்பதை ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்.

மூன்றாவது விதி, தேய்க்காமல் ஒற்றுவது. முகத்தைக் கழுவி, ஈரம் காக்கும் களிம்பும் அதன்மேல் வெயில் தடுக்கும் களிம்பும் பூசிச் சில நிமிஷம் பொறுக்க வேண்டும். பிறகு மோதிர விரலால் மறைப்புப் பூச்சைப் புள்ளியின்மேல் ஒற்ற வேண்டும். நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் கரைந்தும் இருக்கட்டும். ஒரு தடவை கனமாக அப்புவதைவிட இரண்டு தடவை மெல்லியதாக இடுவதே நிற்கும். கடைசியில் பவுடரைப் பஞ்சால் அழுத்தி, மிகுதியைத் தட்டிவிட வேண்டும். சித்திரை வெயிலில் வேர்த்தால் துப்பட்டாவால் துடைக்கக் கூடாது. மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

நான்காவது விதி, இரவில் கலைப்பது. வேஷத்தோடு தூங்குகிற நடிகன் கிடையாது. நல்ல எண்ணெயால் பூச்சை இளக்கிப் பஞ்சால் எடுத்துவிட்டு, மிருதுவான சோப்பால் கழுவலாம். பரு உள்ளவர்கள் எண்ணெய்ப் பசை தங்காதபடி கழுவுவது அவசியம். ஒருவர் பஞ்சை இன்னொருவர் உபயோகிக்கக் கூடாது. விடுதியில் பத்துப் பெண்கள் ஒரே தூரிகையை உபயோகிப்பது சிநேகத்துக்கு அடையாளமாக இருக்கலாம், சுகாதாரத்துக்கு அடையாளமன்று. புதுப் பூச்சு எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் இரண்டு நாள் தடவிப் பார்க்க வேண்டும். செய்தவர் பெயர், விலாசம், உரிம எண், கெடு தேதி இவை இல்லாத டப்பாவைச் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இதில் ஓர் அதிசயமும் உண்டு. மறைப்புப் பூச்சுக்குத் தோலின் நிறத்தைக் கொடுப்பது பெரும்பாலும் இரும்பின் துரு வகைகள்தாம். வாசலில் கோலத்துக்கு ஓரம் கட்டும் காவியின் நிறமும் அதனால் வந்ததே. வெள்ளைக் களிம்புகள் தடுக்க முடியாத சாதாரண வெளிச்சத்தை இந்தக் காவித் துகள்கள் தடுக்கின்றன. 2014-இல் மெக்ஸிகோ நாட்டு வைத்தியர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், நிறமற்ற வெயில் தடுப்புக் களிம்பைப் பூசியவர்களைக் காட்டிலும், இரும்புத் துரு சேர்ந்த களிம்பைப் பூசியவர்களுக்கு மங்கு அதிகமாகக் குறைந்தது. ஆகவே தகுந்த பூச்சு மறைப்பதோடு காக்கவும் செய்கிறது. மருந்து என்று விற்பது விஷமாகவும், வேஷம் என்று இகழ்வது மருந்தாகவும் இருப்பது உலகத்தின் விளையாட்டு!

மறைக்கக் கூடாத புள்ளிகள்

சில புள்ளிகளை மட்டும் வைத்தியர் பார்க்கும்வரை மறைக்கவே கூடாது. நாள்பட்ட மச்சம் திடீரென்று பெரிதானாலும், ஓரம் கோணலானாலும், இரத்தம் கசிந்தாலும் உடனே காட்ட வேண்டும். வெளிறிய தேமல் போன்ற இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து கிடைக்கிறது. ஆரம்பத்தில் கவனித்தால் பூரண குணம் உண்டு. மூக்கின் இருபுறமும் வண்ணத்துப்பூச்சியின் சிறகு போலச் சிவந்து, மூட்டு வலியும் சேர்ந்தால் அதையும் அலட்சியம் செய்யக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடங்களில் சில சிறுமிகளின் பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணி போலத் தடித்த கருமை இருப்பதைக் காண்கிறோம். "கழுத்தைத் தேய்த்துக் குளிக்க மாட்டாயா?" என்று வீட்டில் திட்டி, பீர்க்கங்கூடு வைத்துத் தேய்க்கிறார்கள். குழந்தையும் அழுகிறது. அது அழுக்கே அல்ல. உடம்பில் இன்ஸுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கும், நீரிழிவு பின்னால் வரக்கூடும் என்பதற்கும் பெரும்பாலும் அது முன்னறிவிப்பு. தேய்த்தால் போகாது, பவுடர் போட்டால் மறைந்துவிடும். மறைந்துவிட்டால், எச்சரிக்கையும் மறைந்துவிடும். எடையைக் குறைத்து, ஓடியாடி விளையாடி, ஆகாரத்தைத் திருத்தினால் கருமையும் குறைகிறது. வரவிருந்த வியாதியும் தள்ளிப் போகிறது.

தாய்மார்களுக்கு நம் விண்ணப்பம் இதுதான். உங்கள் பெண் கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்கிறாள் என்று கோபிப்பதற்கு முன்னால், அவள் கையிலிருக்கும் டப்பாவை வாங்கி, மேலே எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். பூசிக் கழுவினால் போய்விடுவதாக இருந்தால், சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். நிறப் பொருத்தம் பார்க்கக்கூட உதவி செய்யலாம். 'ஏழு நாளில் சிவப்பு' என்று எழுதியிருந்தால், அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த நாளே அவளைத் தோல் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் அந்த டப்பாக்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.